தேங்காய் வண்டிக்கு ஒரிஜினல் சாமான்

போன மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கோப்பிக் கடைக்குப் போயிருந்தேன். கோப்பிக் கடை என்று சொன்னால் அந்தக் கடைக்காரருக்குக் கோபம் வரும், அது கஃபே. புதுச் சுவரில் காரை பெயர்ந்த மாதிரிப் பூசியிருந்தார்கள். நாற்காலிக் கால்களில் துருவைப் பெயின்ட்டில் வரைந்திருந்தார்கள். நிஜத் துரு என்றால் கையில் ஒட்டுமே, வருகிறவர்களின் வெள்ளைச் சட்டை என்னாவது? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் சிங்கப்பூருக்குப் போகிறாள், அவளுக்கு வழியனுப்பு விருந்து. அதனால்தான் போனேன். இல்லாவிட்டால் அப்படிப்பட்ட இடத்துப் பக்கமே தலைவைக்கமாட்டேன்.

கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை. தரை துடைக்கிற மருந்து. அதைத் தாண்டி உள்ளே போனால், கல்லா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிக்கப் வண்டியின் முன்பாதி நிற்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நேராக அறுத்துச் சுவரோடு பொருத்தியிருந்தார்கள். வெளிர்நீலம். முன்விளக்குகளுக்குள் மஞ்சள் பல்பு. எஞ்சின் இருந்த இடத்தில் பால் வைக்கிற குளிர்ப்பெட்டி. மூடியின்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் கேக்குகள். நாலைந்து பேர் வரிசையாக நின்று அதன் பக்கத்தில் முகத்தைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரக்கு வண்டி என்றால் கதவில் எடையை எழுதியிருக்க வேண்டும், எங்கள் ஊர்ச் சட்டம். அந்தக் கதவிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. அதில் இருந்த ஐந்துக்கு வயிறு பெருத்து, தலை சிறுத்து, எட்டாவது மாதத்தில் இருப்பவள்போல ஒரு வளைவு.

அந்த ஐந்தை எழுதியவன் நான்.

வண்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. மூலையில் உட்கார்ந்து, எனக்கு வைத்த கேக்கைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தேன். எலுமிச்சை வாசனைதான் தாங்க முடியவில்லை. அந்த வண்டி எப்படி நாறும் என்று உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் சரியாகத் தெரியும். அதில் ஒருவன் அங்கே கேக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தெட்டு வயதில் நினைவுகள் எழுத உட்காருகிறவனைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

அந்த நாற்றத்தைச் சொல்கிறேன். தேங்காய்த் தண்ணீர் புதிதாக இருக்கும்போது தெய்வ வாசனை. இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் கள் மாதிரி. நாலாவது நாள், அழுக்குச் சாக்சைக் காடியில் ஊறவைத்தது போல. அம்மா தேங்காய் வியாபாரம் செய்தார். அக்கரையிலிருந்து மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வந்து தீவில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கும் கோயில்களுக்கும் போடுவார். மூட்டைக்கு ஒரு காயாவது விரிசல் விடும், ஒழுகும். தைப்பூசத்துக்கு ரதம் வரும் வழியில் ஆயிரக்கணக்கில் காய் உடைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மலைபோல் குவித்து வைத்து இரண்டு கையாலும் எடுத்து எடுத்து அடிப்பார்கள். அந்தக் குவியல்களில் ஒன்று அம்மா கொண்டுபோய் இறக்கியது. ரதம் போன பிறகு உடைந்த சில்லுகளை மாட்டுத் தீவனத்துக்கு அள்ளிக்கொண்டு வருவதும் அம்மாதான். ஆக, வண்டியின் பின்தட்டு வருடம் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். பின்தட்டைத் தின்றது மழையோ கடற்காற்றோ கிடையாது, தேங்காய்த் தண்ணீர்தான். தகரம் பிஸ்கட் மாதிரிப் பொடியும்.

அப்பா நான் பள்ளிக்கூடம் சேருமுன்பே போய்ச்சேர்ந்துவிட்டார். அந்தப் பிக்கப்பை அம்மா அக்கரையில் பத்து காவான் என்கிற ஊரில் வாங்கினார், அங்கே இன்னும் தோட்டம் இருந்த காலத்தில். இப்போது அந்த இடத்தில் வாசலில் காவலாளி வைத்த தொழிற்சாலைகள். வண்டியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதன் ரசிகர்கள் மாடல் வருஷத்தைத் திருத்த வந்துவிடுவார்கள். ஜப்பான் வண்டி, நான் பிறப்பதற்கு முந்தியது, மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார நீளமாக ஒரே இருக்கை. அந்த இருக்கைக்குக் கீழே எலிக் கூடு. தேங்காய் நாரில் மெத்தை கட்டி, தேங்காய்ப் பூ தின்று கொழுத்த எலிகள். ஒருமுறை பள்ளிக்கூட வாசலில் நான் இறங்கும்போது என் கூடவே ஒன்றும் இறங்கியது. அதற்குப் பிறகு ஆறாம் படிவம் முடித்துப் பள்ளியை விடும்வரை எனக்குப் பெயர் எலி. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நான் அந்த வண்டியை எவ்வளவு அருவருத்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு சந்து தள்ளி இறங்கிக்கொள்கிறேன் என்பேன். அம்மாவும் ஏன் என்று கேட்கமாட்டார், நிறுத்துவார்.

அம்மா உயரம் குறைவு. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வார். மூட்டை தூக்கித் தூக்கி வந்த நடை என்று நான் நினைத்திருந்தேன். இடது செருப்பில் மட்டும் அடியில் இன்னொரு அட்டை ஒட்டியிருப்பார். தேய்ந்ததை வீசாமல் ஒட்டுப்போட்டுப் போடுகிற சிக்கனம் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள்ளேயும் செருப்போடுதான் நடப்பார். "தரை சில்லுன்னு இருக்குடா" என்பார். பினாங்கில் என்ன சில்? அதையும் நான் கேட்டதில்லை. படித்த பிள்ளை நான்.

படித்து முடித்து, பாயான் லெப்பாஸில் சோதனைப் பொறியாளனாக வேலை கிடைத்தது. கணினிச் சில்லுக்குள் மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துத் தூக்கிப் போடுகிற வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் இணையத்தில் பழைய பிக்கப் ரசிகர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். நான் ஒளிந்து இறங்கிய அதே வண்டியை உலகம் முழுக்க ஆட்கள் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்! ஒருத்தர் வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை என்று எழுதியிருந்தார். இருநூறு பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அம்மாவின் வண்டியைப் படம் எடுத்துப் போட்டேன்.

முதல் பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது. "இது வண்டியா, தோங் சம்பாவா?" தோங் சம்பா என்றால் எங்கள் ஊரில் குப்பைத் தொட்டி.

அந்த ஒரு வரி என்னை ஓட ஓட விரட்டியது. அம்மாவிடம் போய், "வண்டிய நான் புதுசு மாதிரி ஆக்கித் தரேன், எல்லாம் ஒரிஜினல்" என்றேன்.

அம்மா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். "ஓடுதுல? அப்புறம் என்னா?"

"அசிங்கமா இருக்குமா."

"தேங்காய்க்கு என்னாடா அசிங்கம்? அது என்னா கல்யாணத்துக்கா போவுது?"

ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அந்த வண்டியை வெறுப்பில்லாமல் பார்ப்பதே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கும். இப்போது தோன்றுகிறது.

சாமான் தேடுவது என்பது ஒரு நோய். ராத்திரி பகல் என்று பார்க்காது. பழைய வண்டிச் சாமான் விற்கிறவர்களைப்போலப் பொய்யர்களை நான் அரசியலில்கூடப் பார்த்ததில்லை. புது ரேடியேட்டர் முகப்பு என்று படம் காட்டுவான். பெட்டி வந்து பிரித்தால் உடைந்த பிளாஸ்டிக்கின்மேல் கறுப்பு ஸ்ப்ரே, ஈரம்கூடக் காய்ந்திருக்காது. பின்விளக்குக் கண்ணாடி என்று ஒருவன் அனுப்பினான், அது வேறு ஏதோ மோட்டார் சைக்கிளுடையது. கேட்டால் என்னை முதலாளி ஆக்கி, "போஸ், கொஞ்சம் அராவினா ஒக்காரும்." எல்லாரும் இதே வசனம். கொஞ்சம் அராவினால் ஆனையும் ஒக்காரும். பக்கவாட்டுக் கண்ணாடிக்காக தாய்லாந்தின் ஹாட்யாய் ஊர் வியாபாரி ஒருவனிடம் நாலு மாதம் கெஞ்சினேன். கடைசியில் அது வந்தபோது எண்ணெய்த்தாளில் சுற்றி, நாற்பது வருட இருட்டின் வாசனையோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொண்ணு பார்க்கப் போனால்கூட அப்படி உட்காருவேனா தெரியாது.

மற்றதற்கெல்லாம் அக்கரையில், மாக் மண்டினில் பட்டறை வைத்திருந்த அந்தோணி அண்ணன். ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளைப் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்புவார்கள்; அப்படி வந்த பாதி வண்டிகள் அவருடைய கொட்டகையில் மூக்கோடு மூக்கு முட்டிக் கிடக்கும். தரையில் எண்ணெய், எண்ணெயின்மேல் மழைத்தண்ணீர், தண்ணீரின்மேல் கொசு. மண்ணெண்ணெயில் கழுவிய அதே கையால் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிசைந்து சாப்பிடுவார். அல்லூர்ச் சாக்கடையைப் பார்த்துத் துப்புவார், குறி தப்பும். மேசைக்கு மேலே மாதா படம்; அதற்குக் கீழே அட்டைப்பெட்டிகளில் ஒரிஜினல் முத்திரை ஒட்டிக்கொண்டிருப்பார். முத்திரைகள் சுருள் சுருளாக இருக்கும்.

"அண்ணே, இது என்னாண்ணே?"

"ஒரிஜினல்லா."

"நீங்கதான ஒட்டுறீங்க?"

"ஸ்டிக்கர் ஒரிஜினல்லா தம்பி. அத நான் பொய் சொல்லல."

எனக்கு அவர் பக்கத்தில் நிற்கவே பிடிக்காது. ஆனால் அம்மாவின் வண்டிக்கு ஆரம்பத்திலிருந்து வேலை பார்த்தவர் அவர்தான். அம்மாவை அக்கா என்பார். அம்மா வந்தால் மட்டும் கை கழுவுவார்.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் அம்மா ஒரு கல்யாணத்துக்காகச் சுங்கை பட்டாணிக்குப் போனார், நாலு நாள். இதுதான் சமயம் என்று நான் லீவு போட்டேன். வண்டியை மாக் மண்டினுக்கு ஓட்டிப்போய், ஆறு மாதமாகக் கட்டிலுக்கடியில் சேர்த்திருந்த சாமான்களையெல்லாம் கொட்டகையில் பரப்பினேன். அந்தோணி அண்ணன் சுற்றிவந்து பார்த்தார். "தாவூக்கே, கடை போடப் போறியா?" என்றார். தாவூக்கே என்றால் கடை முதலாளி.

பின்தட்டுக்குப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தோம். எலிக் கூட்டை நானே அள்ளினேன், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. கூட்டுக்குள் என்னுடைய பள்ளிக் கழுத்துப்பட்டை ஒன்று, பாதி தின்றபடி. கதவு ரப்பர், முகப்பு, கண்ணாடி, கிளட்ச் கேபிள். துருப்பிடித்து இறுகிப்போன இருக்கைத் தண்டவாளத்தை மாற்றினேன். பத்து வருடமாக அசையாத இருக்கை முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போனது. கதவில் எடையை நானே எழுதினேன். அந்த ஐந்தைத் தவிர எல்லாம் அழகாக வந்தது.

கடைசியில் பெடல்கள். கிளட்ச் பெடலின்மேல் ஒரு அசிங்கம் இருந்தது. இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு சதுரக் குழாய்த் துண்டு, பெடலோடு பற்றவைத்து, அதற்குமேல் லாரி டயரில் வெட்டிய ரப்பர், இரண்டு போல்ட். ரப்பர் நடுவில் குழிந்து, கண்ணாடிபோல் மழமழவென்று தேய்ந்திருந்தது. பார்க்கவே கூசியது. என் பையில் ஜப்பானிலிருந்து வந்த புது பெடல் ரப்பர் இருந்தது, அந்த வண்டிக்கென்றே வார்த்தது, ஓரத்தில் வார்ப்புப் பிசிறுகூட மயிர்மயிராக அப்படியே.

நான் கிரைண்டரை எடுத்தேன்.

அந்தோணி அண்ணன் கேட்டார்: "அம்மாவக் கேட்டியா?"

"இதுக்கு என்னாத்துக்குக் கேக்கணும்? சீட்டு துரு ஏறி முன்னுக்கு வரல, அதனால இத வச்சிருக்காங்க. இப்ப சீட்டு முன்னுக்கு வருதுல்ல?"

"கேபிளு புதுசு, லேசாதான் இருக்கும். இருந்தாலும் ஒரு வார்த்த கேளுடா."

"சர்ப்ரைஸ்ணே."

அவர் வாயைத் திறந்தார், மாதா படத்தைப் பார்த்தார், மூடினார். "கேட்டுட்டுச் செய்யிலா" என்று மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டு வெளியே போய்த் துப்பினார். ஒட்டுமுத்திரைக்காரர் எனக்கு யோசனை சொல்கிறாரா என்று எனக்கு எரிச்சல். தீப்பொறி பறக்க அறுத்தேன். துண்டு தரையில் விழுந்து உருண்டது. எடுத்துப் பழைய இரும்புக் கூடையில் வீசினேன். பற்றவைத்த தழும்பை அராவி, கறுப்பு அடித்து, புது ரப்பரை மாட்டினேன். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். குப்பைத் தொட்டி என்றவனே இதயம் போட்டான்.

ரதம் வருவதற்கு முந்தின நாள் காலை அம்மாவை வாசலுக்குக் கூட்டிவந்து காட்டினேன். மூட்டைகளை நானே ஏற்றி வைத்திருந்தேன். வெயிலில் வெளிர்நீலம் பளபளத்தது. அம்மா வண்டியைச் சுற்றி மெதுவாக வந்தார். தகரத்தைத் தொட்டார், கண்ணாடியைத் தொட்டார். "நாத்தமே இல்லியேடா" என்று சிரித்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தவர் உள்ளே குனிந்து, பெடலைப் பார்த்தபடி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாமா?"

"ஒண்ணுல்ல. நல்லாருக்குடா."

"சீட்டு முன்னுக்கு வரும் பாருங்க!"

ஏறினார். நான் நெம்புகோலைக் காட்டினேன், இருக்கை முன்னால் வந்தது. வலது முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. பின்னால் தள்ளினார். மறுபடி முன்னால். பிறகு பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டு, இடுப்பை ஒருபக்கமாக நகர்த்தி, இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தார். பெரியவர்கள் புதுசுக்குப் பழக நேரம் எடுப்பார்கள் என்று நான் பெருந்தன்மையோடு காத்திருந்தேன்.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர்மலைச் சாலை வரைக்கும் கியர் ஒவ்வொரு முறையும் கடித்தது. கறக் கறக் என்று. "கேபிள் இன்னும் செட்டாவணும்" என்றேன். அம்மா அடுத்த கியரைத் தேடிக்கொண்டிருந்தார். மேல் உதடு வேர்த்திருந்தது. ஒவ்வொரு சிக்னலுக்கும் அவர் உடம்பு முழுவதும் இடது பக்கம் சரிந்து இறங்கி, மறுபடி ஏறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, புதுக் கண்ணாடியில் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். போக்குவரத்து ஊர்ந்தது. நின்று, நகர்ந்து, நின்று. ஒரு பந்தலுக்கு எதிரில் வண்டி நின்றபோது பெடல் அடிவரை போகவில்லை. வண்டி உதறியது. அம்மா இன்னும் கீழே எட்டி மிதிக்கப் பார்த்தார்; செருப்பு வழுக்கியது. கிளட்ச் சட்டென்று விட்டதும் வண்டி முன்னால் பாய்ந்து பந்தல் கம்பத்தில் மோதியது. யாருக்கும் அடியில்லை, முருகன் புண்ணியம். கம்பம் சாய்ந்தது, துணி கூரையாக எங்கள்மேல் இறங்கியது, காகிதக் குவளைகள் ஆயிரம் பறந்தன. பின்கதவு திறந்துகொண்டு தேங்காய்கள் சாலை முழுவதும் உருண்டு ஓடின.

முதலில் எல்லாரும் கத்தினார்கள். "யாருலா ஓட்டுறது?" "பொம்பளையா?" பிறகு தேங்காய் பொறுக்கும் கும்மாளத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா கதவைத் திறந்து இறங்கினார். ஒரு கால் வெறுங்கால். செருப்பு அவருக்கு முன்னால் கதவு வழியே விழுந்து நடுச்சாலையில் கிடந்தது. தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இளவட்டம் ஒருவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது என்னா செருப்பு? ரெண்டு மாடி கட்டிருக்கீங்க!"

நாலு பேர் சிரித்தார்கள். கெட்ட பையனாகத் தெரியவில்லை. இப்போதும் சொல்வேன், அவன் தமாஷுக்குத்தான் சொன்னான்.

அம்மா அவனை நோக்கி நடந்தார். சூடான தார்ச் சாலையில், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும், ஆறு எட்டு. ஒவ்வொரு எட்டிலும் அவர் இடுப்பு குழிக்குள் இறங்குவதுபோல் இறங்கி ஏறியது. அந்த ஆறு எட்டில்தான் என் அம்மாவின் இடது கால் வலது காலைவிடக் குட்டை என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு குட்டை? இரண்டு விரல். நான் அறுத்துக் கூடையில் வீசிய துண்டின் உயரம்.

செருப்பை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டார். பந்தல்காரர்களிடம் கைகூப்பினார். சாவியை அங்கே தேங்காய்க்காகக் காத்திருந்த ஆட்களில் ஒருவர் கையில் கொடுத்து, "நீங்க ஓட்டிட்டு வாங்க தம்பி" என்றார். என்னிடம் கொடுக்கவில்லை.

தைப்பூசம் முடிந்த மறுநாள் மத்தியானம், சமையலறையில் வைத்துக் கேட்டேன். "ஏம்மா சொல்லல?"

"ஆறு வயசுல காச்சல் வந்துச்சு. கால் வளரல. இதுல என்னா சொல்றதுக்கு இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அத எடுத்திருக்கமாட்டேன்லமா."

அம்மா அடுப்பைத் தணித்தார். "உனக்குத் தெரிஞ்சிருந்தா என்னைய ஓட்ட விட்டிருப்பியா?"

விட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தொழிற்சாலையில் திங்கட்கிழமைதோறும் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான். விட்டிருக்கமாட்டேன். கையில் படங்களோடு உட்காரவைத்து, ஆபத்து என்று விளக்கி, சாவியைப் பிடுங்கியிருப்பேன். அது நான் ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாக் மண்டினுக்கு ஓடினேன். பழைய இரும்புக் கூடை காலி. எடுக்கிற லாரி நேற்றே வந்து போய்விட்டதாம்; இந்நேரம் உருக்கியிருப்பார்கள். "அக்காதான் சத்தியம் வாங்கிருந்துச்சுடா" என்றார் அந்தோணி அண்ணன். "மகனுக்குத் தெரியக்கூடாதுன்னு. மாதா மேல. நான் எத்தன பொய் சொல்லியிருக்கேன், இத மட்டும் காப்பாத்துனேன் பாரு." தன் வாய்மேலேயே தட்டிக்கொண்டார். அன்றைக்கு அவர் கையில் சாப்பாடும் இல்லை, முத்திரையும் இல்லை. அதே அளவில் இன்னொரு துண்டு வெட்டி, டயர் ரப்பர் வைத்துத் தந்தார். இந்தத் தடவை பற்றவைக்க வேண்டியதில்லை, கவ்வியால் மாட்டினால் போதும் என்றார்.

அதை அம்மாவிடம் நீட்டினேன். கையில் வாங்கி, கட்டைவிரலால் ரப்பரைத் தடவிப் பார்த்தார்.

"இது எதுக்குடா? அதான் எல்லாம் ஒரிஜினலா ஆயிடுச்சே."

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் அவர் அந்த இருக்கையில் ஏறவே இல்லை. சாலையில் பார்த்தவர்கள் பார்த்ததுதான் காரணமா, நான் பார்த்ததா, எனக்குத் தெரியாது. கடைகளுக்கு அக்கரை மொத்த வியாபாரி நேராகப் போட ஆரம்பித்தார். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் வண்டி இல்லை. தரையில் எண்ணெய்க் கறை மட்டும். பழைய வண்டி சேர்க்கிற ஒருத்தர் வந்தாராம், ஒரு திருகாணிகூட மாறாத வண்டி என்று வாயைப் பிளந்தாராம். அம்மா இப்போது பஸ்ஸில் போகிறார். நிறுத்தம்வரை நானும் கூடப் போவேன். பஸ் படியில் அவர் எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கிளட்ச் துண்டு என் அலமாரியில் இருக்கிறது, ரப்பர் கொஞ்சமும் தேயாமல்.

கஃபேயில் விருந்து முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். நான் கடைசியாக எழுந்தேன். படம் எடுக்கிற வரிசை குறைந்திருந்தது. போய் வண்டியின் கதவைத் திறந்தேன். கீல் சத்தம் போடவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்தேன். இருக்கைக்குப் புதுத் தோல் தைத்திருந்தார்கள். குனிந்து மோந்து பார்த்தேன். எலுமிச்சை. எலி இல்லை, புளிப்பு இல்லை, சாக்கு இல்லை. கண்ணாடி, கதவு ரப்பர், முகப்பு, நான் ஆறு மாதம் பிச்சை எடுத்துச் சேர்த்ததெல்லாம் இருந்தது. ஓட்டினவர் இருந்ததற்கு ஓர் அடையாளம் இல்லை. அதைத் துடைக்க இவர்களுக்கு எலுமிச்சை தேவைப்பட்டிருக்காது. நான் ஏற்கெனவே சுத்தமாக முடித்துக் கொடுத்திருந்தேன்.

கீழே கிளட்ச் பெடல். புது ரப்பர், வரிகள் அப்படியே, ஓரத்தில் மயிர்மயிராக வார்ப்புப் பிசிறு. இத்தனை வருடத்தில் ஒரு பிசிறு உதிரவில்லை.

பால் கலக்கிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். தமிழ்ப் பிள்ளை. "அண்ணே, பாத்துண்ணே. எல்லாம் ஒரிஜினல் சாமான். போஸ் ஏசுவாரு."

"தெரியும்மா" என்றேன்.

இடது காலை வைத்து மெதுவாக மிதித்தேன். மறுமுனையில் எஞ்சின் இல்லை, கேபிள் இல்லை. பெடல் தரைவரைக்கும் தானாகப் போனது.